தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு வேலை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில், முதல் மாடியில் இருக்கும் கல்யாணப் பிரிவுக்கு இன்றைக்கு நதியாதான் பொறுப்பு. பெங்களூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே அவள் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. இந்த வேலை அவளுக்கு எப்படி இவ்வளவு நன்றாக அமைந்தது என்று யாராவது கேட்டால், தன் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டாள். "எனக்கு நல்ல ஆளுங்க அமைஞ்சாங்கம்மா" என்பாள். கூடவே, "அமையறதுக்குக் கொஞ்சம் நாளாச்சு" என்றும் சொல்லிச் சிரிப்பாள்.

நதியாவின் வீடு பாலாற்றுப் பக்கம் ஒரு காலனியில். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்து வெந்தவர். அம்மா பொன்னியம்மாள், நடவு இருக்கிற மாதங்களில் நடவுக்கும், இல்லாத மாதங்களில் கல்யாண மண்டபங்களில் அண்டா கழுவவும் போனவள். பிளஸ் டூ முடித்த கையோடு, சர்ச்சில் யாரோ சொல்லி, நதியாவுக்குப் பட்டுக்கடையில் வேலை கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள்தான். முதல் நாள் மகளைக் கொண்டுவிட வந்த பொன்னியம்மாள், கண்ணாடிக் கதவு திறந்தபோது உள்ளிருந்து வந்த குளிர்காற்றில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். "நெழல்ல வேலை. கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். அந்த ஒரு வார்த்தையால், பிறகு கடையில் என்ன நடந்தாலும் வீட்டில் வாய் திறக்க நதியாவுக்கு மனசு வரவில்லை. வெயிலில் வெந்தவர்களிடம் போய் ஏசி ரூமில் கஷ்டம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கஷ்டம் இருந்தது. கடையில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் கௌண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். மாடியில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்து கல்யாணப் புடவை காட்டுகிற வேலை ஆண்களுக்கு மட்டும். மேனேஜர் தேவேந்திரன் நடந்துகொண்டே இருப்பார். புடவை மடிப்பு கோணலாக இருந்தால் வந்திருக்கிறவர்கள் முன்னாலேயே கத்துவார். பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு யார் புடவை காட்டினார்களோ அவர்கள் சாயங்காலம் வரிசையில் நின்று காரணம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள முடியாதது இன்னொன்று. கடை ஆட்களுக்கு ஒரே ஒரு கழிவறை. கீழே, கோடவுனைத் தாண்டி, காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதுதான். தாழ்ப்பாள் உடைந்து, ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். அங்கே போவதற்கும் தேவேந்திரனிடம் கேட்க வேண்டும். கேட்டால், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "இப்பதானேம்மா போனே?" என்பார். அதனால் பெண்கள் அங்கே போகாமலே இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். போகாமல் இருக்க ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

அதை நதியாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் சம்பூர்ணம். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள், அங்கேயே வாழ்க்கைப்பட்டவள், புருஷன் போன பிறகு கடை வேலைக்கு வந்தவள். நதியாவைவிட ரொம்பவே மூத்தவள். வந்த புதிதில் நதியா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு தனியாக மூலையில் உட்காருவாள். அவள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களும் கூப்பிடவில்லை. சம்பூர்ணம் மட்டும் ஒருநாள் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு வாசனை வருகிறதே, கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் புடவையின் உடலும் கரையும் சேருகிற இடத்தை எப்படித் திருப்பிக் காட்டுவது, ஆந்திரா பக்கத்து ஆட்களிடம் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று நிறைய சொல்லிக் கொடுத்தாள். சம்பூர்ணத்தின் தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பங்கள் உண்டு. அவள் வாயில் தெலுங்கு சரளமாக வரும். நதியாவும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டாள்.

சத்யராஜைக் கல்யாணம் செய்துகொண்ட மறுவருஷம் நதியாவுக்குக் காய்ச்சல் வந்தது. வயரிங் வேலைக்குப் போகிற சத்யராஜ் அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். இடுப்புக்குப் பின்னால் கத்தி வைத்து அறுக்கிற மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். கிட்னியில் கிருமி என்றார் டாக்டரம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று அவர் கேட்டபோது, நதியா ஒரு விரலைக் காட்டினாள், ஒரு டம்ளர். கடையிலிருந்து பார்க்க வந்தது சம்பூர்ணம் மட்டும்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

உடம்பு தேறியதும் நதியா கடைக்குப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். வேலை என்னவோ அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே மாதிரி ஒரு சின்னத் துண்டை எடுத்து ஒரே மாதிரி ஓர் இடத்தில் வைக்க வேண்டும். பேச ஆளில்லை, நிறமில்லை. ஆனால் அங்கே ஒரு விஷயம் அவளை அசத்திவிட்டது. யாருக்காவது வெளியே போக வேண்டியிருந்தால் கையைத் தூக்கினால் போதும். அதற்கென்றே இருக்கும் ஒரு பெண் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஏன், எதற்கு, இப்பதானே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. முதல் தடவை நதியா கையைத் தோள் வரைக்கும்தான் தூக்கினாள், அதற்கே ஆள் வந்துவிட்டாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுந்து, சிரித்துவிட்டு, அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இத்தனை நாள் உடம்பைக் கெடுத்துக்கொண்டோம் என்று அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. வீட்டில் சும்மா இருந்தபோதுதான் பட்டுக்கடை முதலாளி தினகரனிடமிருந்து போன் வந்தது. பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாராம். மூத்த மகளின் கல்யாணத்துக்கு, முகூர்த்தப் புடவை போக மற்றதையெல்லாம் கீழே நதியாதான் எடுத்துக் கொடுத்தாளாம். இப்போது இளையவளுக்கு எடுக்க வந்து, நதியா இல்லை என்றதும் பாதியோடு எழுந்து போய்விட்டாராம். நேரில் வந்து பேசு என்றார் தினகரன்.

முதலாளியின் அறைக்குள் நதியா அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தாள், வேலையில் சேர்ந்த அன்றைக்கு. தினகரன் கெட்ட மனிதர் இல்லை. அப்பா நடத்திய கடையை அப்பா நடத்திய மாதிரியே நடத்திக்கொண்டிருந்தார். நதியாவை உட்காரச் சொன்னார். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டினார். நதியா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"சம்பளம் நீங்க பாத்துக் குடுங்க சார். எனக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு வேலை வேணும்."

தினகரனுக்குப் புரியவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். நதியாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஓர் ஆண்பிள்ளையிடம், அதுவும் முதலாளியிடம், கழிவறையைப் பற்றிப் பேசுவது லேசான காரியமா? பார்வையை அந்தப் பாட்டில் மேலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சணல் கயிற்றைச் சொன்னாள். கேட்டால் கிடைக்கிற பேச்சைச் சொன்னாள். ஆஸ்பத்திரியைச் சொன்னாள்.

தினகரன் தேவேந்திரனைக் கூப்பிட்டு விசாரித்தார். வசதி இருக்கத்தானே இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் குறை சொன்னதில்லையே என்றார் தேவேந்திரன். அது பொய்யில்லை. ஒருத்தரும் சொன்னதில்லை. உடனே பெண்களையெல்லாம் அறைக்கு வரச் சொன்னார்கள். வந்து நின்றவர்களிடம் தினகரன் கேட்டபோது அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.  தான் ஒருத்திதான் கதை கட்டியதாகிவிடும் என்று நதியா பயந்தாள். அப்போது பின்னாலிருந்து சம்பூர்ணத்தின் குரல் வந்தது.

"சார், நான் வூட்ல ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்தா, அப்பறம் ராவைக்கு வூட்டுக்குப் போய்த்தான் சார் தண்ணி. இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்திச்சே, இதனாலதான். நாளைக்கு நான் படுப்பேன்."

சம்பூர்ணத்துக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பையன் அப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தான். அவள் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் பேசியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள்.

தினகரன் எழுந்து கீழே போனார். அவர் பிறந்ததிலிருந்து இருக்கிற கடை அது. ஆனால் கோடவுனுக்குப் பின்னால் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. முதலாளி அறைக்குள் தனியாக ஒரு கழிவறை இருந்தது. போனவர் சீக்கிரம் வரவில்லை. வந்ததும் முகம் கறுத்திருந்தது. அடுத்த வாரமே முதல் மாடியில், தள்ளுபடிப் புடவைகள் அடுக்கியிருந்த மூலையைக் காலி செய்யச் சொன்னார். கொத்தனார் வந்தார். டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி மாட்டி, நல்ல தாழ்ப்பாளோடு பெண்களுக்கு மட்டும் ஒரு கழிவறை தயாரானது. நதியா மறுபடி வேலைக்கு வந்தாள்.

ஆனால் கதவுக்குப் பூட்டு ஒன்று போட்டு, சாவியைத் தேவேந்திரன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாடிக்கு வருகிற வெளியாட்கள் உள்ளே போய்விடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஆக, இடம் புதிதானாலும் கேட்டுத்தான் போக வேண்டும். முதலாளி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு. சாவியைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் நதியாவை மறுபடியும் முதலாளியிடம் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. மேலே இருந்து வாங்கி வந்தால், இவர் இன்னொரு பூட்டைத் தேடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அவரிடமே ஒருநாள் நேராகப் போய், அந்தச் சாவியை ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள் சார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வோம் என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

தேவேந்திரனுக்கு ஒரே மகள். காலேஜ் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஐப்பசி மாதம், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், மாடிப்படியில் நதியா இறங்கிக்கொண்டிருந்தபோது தேவேந்திரன் கீழிருந்து ஏறி வந்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, ஒனக்கு அன்னிக்கு டாக்டரு இன்னா சொன்னாரு?"

எதற்குக் கேட்கிறார் என்று நதியாவுக்கு விளங்கவில்லை. சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எம்பொண்ணு லீவுக்கு வந்துக்கிறா. காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. தண்ணி குடின்னா, பழக்கம் வுட்டுப்போச்சுப்பான்றா." கைப்பிடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளையும் ஒருத்தன் கேப்பான் இல்ல, இப்பதானே போனேன்னு."

நதியா அவர் பக்கத்துப் படிக்கு இறங்கினாள். தனக்கு எந்த மருந்து கேட்டது, எந்த டாக்டரம்மா நன்றாகப் பார்ப்பார் என்று சொல்லி, மகளை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். மறுநாள் காலை வந்தபோது, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்திருந்தது. அதில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.  அடுத்த நாள் எல்லோரும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தது போல நதியாவுக்கு ஞாபகம்.

அதற்கப்புறம் தேவேந்திரன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். சாயங்கால வரிசை நின்றது. அந்த வரிசையைத் தொடங்கி வைத்தவர் தினகரனின் அப்பாவாம். இளவயதில் தேவேந்திரன் அதில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாதாம். அதைத்தான் மேனேஜர் வேலை என்று நினைத்துவிட்டேன் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தினகரன் கேட்பதற்கு முன்னாலேயே கௌண்டருக்குப் பின்னால் ஸ்டூல் வாங்கிப் போட்டவர் அவர்தான். சர்க்கரை கூடிப்போய், கண் மங்கி, வேலையை விட்டு நிற்கப்போவதாகச் சொன்ன அன்றைக்கு, அடுத்து மாடிக் கல்யாணப் பிரிவை யார் பார்ப்பது என்று முதலாளி கேட்டார். நதியாவை வையுங்கள், அவளுக்குப் பயமில்லை, யாரும் அவளைப் பார்த்துப் பயப்படவும் மாட்டார்கள் என்றாராம் தேவேந்திரன்.

இப்படித்தான் நதியா மாடிக்குப் போனாள், மெத்தையில் உட்கார்ந்தாள். அங்கே வருஷக்கணக்காக உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்த தினேஷுக்கு அது பிடிக்கவில்லை. அவனுடைய மனத்தாங்கல் அவள் கொண்டு வந்த முறை வைப்பிலும் இருந்தது. அதுவரை, நகையும் நட்டுமாக வருகிற கூட்டத்தைக் கண்டால் விற்பவர்கள் முந்திக்கொண்டு ஓடுவார்கள். சாதாரணமாக உடுத்தி வருகிறவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். நதியா, வருகிற கூட்டத்தை முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தாள். வாய் உள்ளவன் விற்கட்டும், இதென்ன ரேஷன் கடையா என்று தினேஷ் முணுமுணுத்தான். தை மாத முகூர்த்த நேரத்தில் அவன் அம்மா விழுந்து இடுப்பு உடைந்து, அவன் வராமல் போனபோது, அவன் முறைக்கு வந்த கூட்டங்களை மற்றவர்கள் அவன் பெயரிலேயே விற்று வைத்தார்கள். திரும்பி வந்தவனுக்குக் கமிஷன் குறையவில்லை. அதன்பிறகு அவன் ரேஷன் கடையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் நதியாவுக்கு நேராக நடந்துவிடவில்லை. பொறுப்புக்கு வந்த முதல் ஆவணியில், கூட்டம் தாங்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த காவேரி, சின்ன காஞ்சிபுரத்துப் பெண், அரக்குப் புடவையைக் கேட்டால் குங்குமக் கலரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நதியா எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்திவிட்டாள். கத்தி முடிக்கும்போதே, இது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. காவேரி அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சரியான புடவையை எடுத்து வந்தாள். அதுதான் நதியாவுக்கு இன்னும் உறுத்தியது. மறுநாள் கடை திறந்ததும், எல்லோரும் நிற்கும்போதே, நான் நேற்று கத்தியது தப்பு காவேரி, மன்னித்துக்கொள் என்றாள். தினேஷ் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தான். காவேரி என்ன செய்வதென்று தெரியாமல், பரவாயில்லைக்கா என்று சொல்லிவிட்டு மடித்த புடவையையே மறுபடி மடித்தாள்.

சில மாதம் கழித்து, வந்தவர்களுக்குக் கொடுத்த காபி காவேரியின் கை பட்டுச் சாய்ந்து, முகூர்த்தப் புடவை ஒன்றின் மேல் கொட்டிவிட்டது. மாம்பழ நிறத்தில், கை அகலச் சரிகைக் கரை போட்ட புடவை. நல்ல வேளையாக வந்தவர்கள் வேறு புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் இப்படி ஆனால் ஒன்றுதான் நடக்கும். கறை உள்ளே போகிற மாதிரி மடித்து, அடுக்கின் நடுவில் செருகிவிடுவார்கள். ஒரு தடவை அப்படி மறைத்து வைத்த எண்ணெய்க் கறைப் புடவை விலையாகிப் போய், தாலி கட்டுகிற அன்றைக்குப் பிரித்துப் பார்த்த குடும்பம் கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறது. யார் மறைத்தார்கள் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை.

காவேரி மறைக்கவில்லை. புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக நதியாவிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, நான்தான் கொட்டிட்டேன்" என்றாள். நதியா அந்த ஈரத்தின் மேல் துணியை வைத்து ஒற்றி எடுத்து, அடுத்த தெருவில் பட்டுக்குக் கறை எடுத்துப் பாலிஷ் போடுகிறவரிடம் அவளையே ஓட வைத்தாள். உடனே வந்ததால் பிழைத்தது என்றார் அவர். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு நிழல் மிஞ்சியது. அதைச் சொல்லியே, விலையைக் குறைத்து, வேறொருவருக்குக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் தினகரன் மாடிக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, காபி யார் மேலாவது பட்டுச் சுட்டுவிட்டதா என்பதுதான். கோடவுனுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த அந்த நாளிலிருந்து இந்த மனிதர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று நதியா நினைத்துக்கொண்டாள். எப்படி இவ்வளவு தைரியமாகக் கொண்டு வந்தாய் என்று பிறகு காவேரியிடம் கேட்டபோது அவள் சொன்னாள். "நீங்களே அன்னிக்கி எல்லார் முன்னாடியும் தப்புன்னீங்களேக்கா. அப்பறம் நான் மட்டும் ஒளிச்சா நல்லாவா இருக்கும்?"

நதியாவுக்கு வேலை அலுக்கவே இல்லை. அம்மாவும் அத்தையும் சித்தியும் ஆளுக்கொரு நிறம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பெண்ணைப் பார்த்து, உனக்கு என்ன பிடிக்கும்மா என்று கேட்கிற அந்த நிமிஷம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கண் ஏற்கெனவே ஏதாவது ஓர் அடுக்கின் மேல் போயிருக்கும். அதை எடுத்து உதறி விரித்து அவள் தோளில் போடும்போது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று வாயை மூடுவார்கள். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று சத்யராஜிடம் சொல்லுவாள். சொல்லாதே, குறைத்துவிடப்போகிறார்கள் என்பான் அவன்.

போன பங்குனியில் சம்பூர்ணம் வேலையிலிருந்து நின்றாள். முட்டி வலி. ஓசூரில் வேலை பார்க்கிற பையன் வந்து இருக்கும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசி நாள் மத்தியானம் எல்லோருமாக மாடியில் சாப்பிட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது நடுவில் இருந்தது. நதியா வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டு வந்திருந்தாள். தினகரன் மாலை போட்டார், இரண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கை கழுவப் போன பிறகு நதியாவும் சம்பூர்ணமும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

நதியா இத்தனை வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னாள். அன்றைக்கு முதலாளி ரூமில் நீங்கள் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்க்கா, இந்த வாழ்க்கையே எனக்கு இல்லை என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

சம்பூர்ணம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ கேட்டப்ப எனக்கு மொதல்ல ஒம்மேல கோவம்தான்டி வந்திச்சு. இத்தினி வருசமா நான் கேக்காதத நேத்து வந்த பொண்ணு கேக்குதேன்னு. அந்தக் கோவத்துலதான் பேசிட்டேன்." சிரித்தாள். "அப்பறம் பாத்தா, பேசனது நல்லாத்தான் இருந்திச்சு. மிச்ச வருசமெல்லாம் சந்தோசமா வேலை செஞ்சேன்மா. நீதான் எனக்கு அத்தக் குடுத்தே."

 யார் யாருக்கு நன்றி சொல்வது என்று நினைத்துக்கொண்டே நதியா தன் இன்னொரு கையையும் அவள் மடியில் வைத்தாள்.

அதற்குள் கீழே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சித்தூர்க்காரர்கள், ஒரு பெரிய கும்பல். படியேறி வருகிற தெலுங்குப் பேச்சு மாடிவரை வந்தது. முறைப்படி காவேரிக்கு வந்த கூட்டம் அது. ஆனால் ஆள் போதாது. நதியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்தாள். பெண்ணின் அம்மா நீலம் என்றார், பாட்டி நீலமே கூடாது என்றார். பெண் பேசாமல் இருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்ட சம்பூர்ணம் படி அருகே நின்று கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைச் சுவரோரமாக வைத்தாள். மாலையை அதன்மேல் வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். பாட்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள்.

காவேரி கிளிப்பச்சையில் ஒரு புடவையை எடுத்து நீட்டினாள். நதியா ஒரு நுனியைப் பிடித்தாள். இன்னொரு நுனியைச் சம்பூர்ணம் பிடித்துக்கொள்ள, முந்தானை முழுசாக விரிந்தது.